ஓடும்போதே மாற்றலாம்

பெட்டி மூன்றாவது முறையாகப் பரணிலிருந்து இறங்கியிருந்தது. கூடத்தின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்டித்தான் டிரைவர் தன் சட்டையை எடுக்கப் போக வேண்டியிருந்தது.

“இந்தத் தடவை நிஜமா லீவா, இல்லை போன தடவை மாதிரி நிஜமா?” என்று மனைவி கேட்டாள்.

“நிஜமாத்தான்.”

“போன தடவையும் இதே முகத்தை வெச்சுக்கிட்டுத்தான் சொன்னீங்க.”

டிரைவர் என்பது அவருடைய பெயரல்ல. அவருக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. நெட்வொர்க் கார்டு தயாரிக்கும் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம். கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுகிறவருக்கும் ஆபீஸ் அதே பெயரைச் சூட்டிவிட்டது. கல்யாணமான புதிதில் மாமியார் இதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லப்போக, “எந்த ரூட்டுல ஓட்டறார்?” என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

“அண்ணன் என்ன சொல்றார் தெரியுமா?” மனைவி துண்டுகளை மடித்து அடுக்கினாள். “மாப்பிள்ளை வரலைன்னாலும் பரவாயில்லை, அவரோட போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வா, எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கும்போது யாராவது கையில பிடிச்சுக்கலாம்ங்கிறார்.”

டிரைவருக்குச் சுருக்கென்றது. கடற்கரையில் ஒரு வீடு எடுத்து, மச்சான் குடும்பத்தோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. முதல் தடவை ஏற்பாடே ரத்தானது. இரண்டாவது தடவை மனைவியும் மகளும் மட்டும் போனார்கள். திரும்பி வந்த மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, “கடல் தண்ணி உப்புத்தான்ப்பா, நான் நக்கிப் பார்த்தேன்” என்று, கடலையே பார்த்திராத மனிதருக்குச் சொல்வதுபோலப் பரிவோடு சொன்னாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை அப்படிக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன கண்டோம் என்று நிஜமாகவே நொந்துபோனார். மறுநாள் வழக்கம்போல ஆபீஸுக்குப் போனார்.

“ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி. ஒரு நம்பரை ஓடும்போதே மாத்தற மாதிரி பண்ணணும். அது முடிஞ்சா லீவுல கையெழுத்துன்னு மேனேஜர் சொல்லிட்டார்.”

“என்ன நம்பர்?”

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிற மனிதர் அவர். சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு ஆரம்பித்தார்.

“கார்டுக்குள்ள ஒரு க்யூ இருக்கு. பஸ் மாதிரின்னு வெச்சுக்கோ. எவ்வளவு நிரம்பினதும் கண்டக்டர் ‘போதும், அடுத்த பஸ்ல வாங்க’ன்னு கதவைச் சாத்தணும்? அதுதான் அந்த நம்பர். இப்ப அறுபது. நூத்துக்கு அறுபது நிரம்பினதும் சாத்திடும். பெரிசா வெச்சா நிறைய பேர் ஏறலாம், ஆனா உள்ள நெரிசல். சிறிசா வெச்சா நெரிசல் இல்லை, ஆனா பாதி பேர் ரோட்டுல நிப்பாங்க.”

“சரி, மாத்திட்டு வாங்க.”

“அதான் முடியாது! அந்த நம்பர் டிரைவருக்குள்ளயே எழுதியிருக்கு. மாத்தணும்னா டிரைவரைப் புதுசா செஞ்சு, மெஷினை நிறுத்தி, ஏத்தி, மறுபடி கிளப்பணும். மெஷினை நிறுத்தினா ஆபீஸே நின்னுடும். இனிமே அந்தக் கஷ்டமே இல்லை. ஸ்கிரீன்ல நம்பரைத் தட்டினாப் போதும், ஓடும்போதே மாறிடும்.”

“யார் வேணும்னாலும் மாத்தலாமா?”

“யார் வேணும்னாலும்!”

“அப்ப மாத்திக்கிட்டே இருப்பாங்களே” என்றாள் மனைவி. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். தனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் வலிக்கிறது என்று அடித்துச் சொல்லும் கூட்டத்தைத் தினமும் சமாளிப்பவள். மனித குலத்தின் மேல் அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

டிரைவர் சிரித்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்களிடம் அவர் சிரிக்கும் சிரிப்பு அது.

அவருடைய கம்பெனிக்கு ஒரு கொள்கை உண்டு. தான் செய்யும் கார்டைத் தானே முதலில் பயன்படுத்த வேண்டும். ஆகவே மொத்த ஆபீஸின் பாரத்தையும் தாங்கும் பெரிய மெஷினில் இருந்ததும் அவர்களுடைய கார்டுதான். கோளாறு எதுவானாலும் முதலில் தங்கள் தலையில்தான் விழ வேண்டும் என்பதில் முதலாளி உறுதியாக இருந்தார். கார்டும் அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

அந்த அறுபதை வைத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலமாகிவிட்டது. ஏன் அறுபது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்த எண்ணை வைத்து மேல்மாடியும் கீழ்மாடியும் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மேல்மாடியில் டிசைன் பிரிவு. ஒவ்வொரு வரைபடமும் மலைபோல இருக்கும். டிசைன்காரர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அதன் தலைவருக்கு எண் பெரிதாக இருக்க வேண்டும். கீழ்மாடியில் வாடிக்கையாளர்களிடம் பேசும் ஃபோன் பிரிவு. அதன் தலைவியான ஃபோன் மேடத்துக்குக் குரல் தடங்கலில்லாமல் போய்ச் சேர வேண்டும். எண் சிறிதாக இருக்க வேண்டும். நடுமாடியில் டிரைவர். இரண்டு பக்கத்திலிருந்தும் உதை வாங்க வசதியான இடம்.

மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். “நம்பரை ஓடும்போதே மாத்தற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க. அவங்களே பேசி மாத்திக்கட்டும். சின்ன வேலைதானே?”

மேனேஜருக்கு எல்லாமே சின்ன வேலை, அவர் செய்ய வேண்டாதவரை. எதிரில் நீட்டும் காகிதத்தில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். லீவு விண்ணப்பத்தை மட்டும் இரண்டு தடவை படிப்பார்.

“ரெண்டு பிரிவும் என் முன்னாடி வந்து ‘திருப்தி’ன்னு வாயைத் திறந்து சொல்லணும். அப்பதான் லீவுல கையெழுத்து. சொல்லிட்டேன்.”

டிரைவர் மாங்கு மாங்கென்று எழுதினார். தன் மேஜை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். எண்ணைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. உச்சி குளிர்ந்துபோய், எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு மெஷின் ரூமுக்கு ஓடினார்.

மெஷின் ரூம் என்பது ஆபீஸுக்குள் இருக்கும் தனி ராஜ்யம். அதை ஆள்பவர் மெஷின் ரூம் அம்மா. கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே இருக்கும் குளிர்காற்று வெளியே போய்விடாதபடி உடம்பால் அடைத்துக்கொண்டுதான் பேசுவார். டிரைவர் எழுதுகிறவர் என்பதற்காக அவரை உள்ளே விட்டுவிட முடியுமா?

“இதை ஏத்தணும்மா. கொஞ்சம் அவசரம்.”

“எல்லாருக்கும் அவசரம்தான் சார். குடுத்துட்டுப் போங்க. எதை எப்ப பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும்.”

கதவு மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் எல்லோருடைய திரையிலும் புதுப் பக்கம் வந்துவிட்டது. நடுவில் ஒரு கட்டம், அதற்குள் அறுபது, பக்கத்தில் மேலும் கீழும் இரண்டு அம்புக்குறிகள். அடியில் ‘ஓடும்போதே மாற்றலாம்’ என்று டிரைவரே ஆசை ஆசையாக எழுதிவைத்த வாசகம்.

டிசைன்காரர் அம்புக்குறியைப் பிடித்துத் தொண்ணூறுக்கு ஏற்றினார். ஒரு வரைபடத்தைத் திறந்தார்.

“யோவ் டிரைவர், பறக்குதுய்யா!” என்று மாடிப்படியிலிருந்தே கத்தினார். “இத்தனை வருஷம் எங்களைக் கட்டைவண்டில ஏத்தி வெச்சிருந்தீங்களே!”

டிரைவர் அடக்கமாகப் புன்னகைத்து முடிப்பதற்குள் கீழிருந்து ஃபோன் மேடம் ஏறி வந்தார்.

“என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? பேசறவங்க குரலெல்லாம் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. ஒரு வாடிக்கையாளர் என்னை ‘உடம்பு சரியில்லையா’ன்னு கேக்கறார்!”

“நீங்களும் மாத்தலாம் மேடம். அம்புக்குறி இருக்கு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மேடம் நேரே போய் முப்பதாக்கினார். “ஆஹா, பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு” என்று கீழ்மாடியில் ஆனந்தம். “வரைபடம் திறக்கறதுக்குள்ள காபி ஆறிடுச்சு” என்று மேல்மாடியில் ஒப்பாரி. தொண்ணூறானது. முப்பதானது. மத்தியானத்துக்குள் அந்த எண், அடிபட்ட பல்லிபோல மேலும் கீழும் ஓடிக் களைத்துவிட்டது.

டிரைவரின் மேஜைக்கு எதிரில் சுவரில் பெரிய திரை ஒன்று இருந்தது. மெஷினில் எவ்வளவு போக்குவரத்து என்று அதில் ஒரு கோடு ஏறி இறங்கும். அதைக் காட்டி அவர் வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார்.

“பாருங்க, பத்து மணிக்கு டிசைன் தொண்ணூறு வெச்சாங்க, கோடு ஏறுது. ஒரு மணிக்கு மேடம் முப்பது வெச்சாங்க, சட்டுனு விழுது. ஒவ்வொரு மாத்தலுக்கும் அப்படியே பதில் சொல்லுது பாருங்க!”

ஒரு மணிக்குக் கோடு தினமும்தான் விழும். அப்போது அந்த ஆபீஸில் சாப்பிடப் போகாதவர் யாரும் கிடையாது. பாடம் நடத்துகிற உற்சாகத்தில் வாத்தியாருக்குப் பசி தெரியவில்லை.

“சண்டை தீரத்தானே கேட்டேன்? இப்ப ரெண்டு மடங்காயிடுச்சே” என்றார் மேனேஜர். “ஆளுக்கொரு நம்பர் குடுத்துடுங்க. சின்ன வேலைதானே?”

சின்ன வேலைக்காக டிரைவர் வாரக் கடைசியைத் தின்றார். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் க்யூ, தனி எண், தனிக் கட்டம். மறுபடி பொட்டலம், மறுபடி ஒரு சாண் கதவு, மறுபடி “குடுத்துட்டுப் போங்க.” திங்கட்கிழமை காலையில் புதுப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன.

டிசைன்காரர் தன்னுடையதைத் தொண்ணூற்றொன்பதாக்கினார். ஐந்து நிமிஷத்தில் ஃபோன் பிரிவின் கட்டத்திலும் தொண்ணூற்றொன்பது.

டிரைவர் படி இறங்கி ஓடினார். “மேடம், உங்களுக்குச் சின்ன நம்பர்தானே வேணும்? முப்பதுதானே நல்லா இருந்தது?”

“அவங்களுக்குத் தொண்ணூத்தொன்பது, எங்களுக்கு மட்டும் முப்பதா? நாங்க என்ன இளப்பமா?”

“இது மார்க்கு இல்லை மேடம். சின்னதா இருந்தாத்தான் உங்களுக்கு நல்லது.”

“எனக்கு நல்லதுன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்க பிரிவைக் கீழ்மாடியில போட்டாங்க. சன்னல்கூடக் கிடையாது. முதல்ல அவரைக் குறைக்கச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்.”

“குரல் எப்படி இருக்கு?”

“கேவலமா இருக்கு” என்றார் மேடம் கம்பீரமாக. “ஆனா குறைக்க மாட்டேன்.”

அன்று மாலை வீட்டில் மனைவி பெட்டியில் நீச்சல் உடைகளை வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

“ரெண்டு பேருக்கும் தொண்ணூத்தொன்பது வேணுமாம்.”

“எங்க ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் ஒண்ணு வேணும்னு அழுவாங்க, இங்க தொண்ணூத்தொன்பதா? நம்பரைக் காட்டினா அப்படித்தான்.”

அவள் வெறும் பேச்சுக்குச் சொன்னதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். நம்பரைக் காட்டினால்தானே போட்டி? எண்களைத் தூக்கிவிட்டு ‘நிதானம்’, ‘வேகம்’, ‘அதிவேகம்’ என்று மூன்று பொத்தான்கள் வைத்தார். ‘நிதானம்’ என்பதைப் பச்சை நிறத்தில் அழகாகச் செய்திருந்தார். அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆபீஸில் நிதானமாக வேலை செய்பவர் என்று பெயர் வாங்க யார் தயாராக இருப்பார்கள்? இரண்டு பிரிவும் அதிவேகத்தை அமுக்கிவிட்டு, மெதுவாக இருக்கிறது என்று புகார் சொன்னார்கள்.

இதற்குள் விற்பனைப் பிரிவு விழித்துக்கொண்டது. அதுவரை அவர்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நெட்வொர்க் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

“எங்களுக்கு ஏன் பொத்தான் இல்லை?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கொடுத்தார். அன்று சாயங்காலமே மறுபடி வந்தார்கள்.

“பொத்தான் வந்ததிலேருந்து ரொம்ப ஸ்லோ சார். முன்னாடி எல்லாம் நல்லாத்தான் இருந்தது.”

“முன்னாடி பொத்தானே இல்லையே!”

“அதான் சார் நாங்களும் சொல்றோம்.”

அடுத்த நாள் மேனேஜர் டிரைவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். லீவு விஷயமாகத்தான் இருக்கும் என்று டிரைவரின் மனம் துள்ளியது.

“இவங்க எல்லாரும் அதிவேகம் வெச்சிருக்காங்க. நான் மேனேஜர். எனக்கு அதுக்கு மேல ஒண்ணு வேண்டாமா? யாருக்கும் தெரியாம, என் ஸ்கிரீன்ல மட்டும். சின்ன வேலைதானே?”

லீவுக் கையெழுத்து யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லைத் தட்ட முடியுமா? மேனேஜருக்கு மட்டும் தங்க நிறத்தில் நான்காவது பொத்தான் முளைத்தது. அதற்கு ‘சிறப்பு’ என்று பெயர். மேனேஜர் அதை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, “ம்ம்ம்... இப்பதான் நெட்வொர்க்னா நெட்வொர்க்!” என்று கண்ணை மூடிக்கொண்டார். டிரைவருக்கும் பெருமைதான். சுவர்த் திரையின் கோட்டில் ஒரு புதுத் திமிர் தெரிவதாக அவருக்குப் பட்டது.

ரகசியம் மத்தியானம்வரை தாக்குப்பிடித்தது. மேனேஜரின் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போன டிசைன்காரர் தங்கப் பொத்தானைப் பார்த்துவிட்டார். அரைமணி நேரத்தில் மேல்மாடி, கீழ்மாடி, விற்பனை எல்லோரும் டிரைவரின் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“மேனேஜர் எல்லாத்தையும் உறிஞ்சறார், அதனாலதான் எங்களுக்கு வரமாட்டேங்குது!”

“இதுக்கு நீங்களும் உடந்தையா சார்? உங்களை நல்லவர்னு நினைச்சேன்!”

“யோவ், எனக்கும் அந்தத் தங்கக் கலர்ல ஒண்ணு போடுய்யா!”

மேனேஜர் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, “நான் கேக்கவே இல்லையே, இவராத்தான் போட்டுக் குடுத்தார்” என்று கதவை மூடிக்கொண்டார். டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

அது புதன்கிழமை. சனிக்கிழமை அதிகாலையில் வண்டி. அன்று மாலை டிரைவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் ஒரு காகிதத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கடல், வீடு, அம்மா, மாமா, அத்தை, அவள். ஓரத்தில் ஒரு சதுரம்.

“அது என்னடா கண்ணு?”

“அது நீங்கப்பா. போட்டோ. மாமா கையில பிடிச்சிருக்கார்.”

டிரைவர் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எழுதியதெல்லாம் போதும், பொத்தானும் வேண்டாம், தங்கமும் வேண்டாம். காலில் விழுந்தாவது இரண்டு பேரையும் ஒரே எண்ணுக்குச் சம்மதிக்கவைப்பது.

வியாழக்கிழமை, காபி மெஷின் இருக்கும் சின்ன அறையில் டிசைன்காரரையும் ஃபோன் மேடத்தையும் எதிரெதிரே உட்காரவைத்தார். நடுவில் தான் உட்கார்ந்துகொண்டார். விற்பனைப் பிரிவு கதவருகே வேடிக்கை பார்த்தது.

“பழையபடி எல்லாருக்கும் ஒரே நம்பர். என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க. முடிவானதுக்கு அப்புறம் அதைப் பூட்டிடறேன். யாரும் மாத்த முடியாது.”

“எண்பத்தஞ்சு” என்றார் டிசைன்காரர்.

“முப்பத்தஞ்சு. அதுவும் உங்க முகத்துக்காக” என்றார் மேடம்.

“முப்பத்தஞ்சுல நாங்க படம் வரைய முடியாது, கோலி விளையாடலாம். எண்பது.”

“நாப்பது. எங்க பிரிவுல தொண்டை கட்டாத ஆளே கிடையாது.”

“டிரைவருக்காக எழுபது. பாவம், ஆளே பாதியாயிட்டார்.”

“அவரைப் பார்த்தா எனக்கும்தான் பாவமா இருக்கு. அம்பது.”

காபி இரண்டு சுற்று வந்தது. டிரைவர் தன் மகள் வரைந்த படத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரத்துச் சதுரத்தைச் சுட்டிக்காட்டி, “இது நான்” என்றார். மேடம் மூக்கை உறிஞ்சினார். டிசைன்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“சரி, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்குடுப்போம். அறுபது?”

“அறுபது!” என்றார் மேடம்.

அறையில் கைதட்டல் எழுந்தது. டிரைவர் அந்த இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து, பொத்தான்களை எடுத்துவிட்டு, பழைய ஒற்றைக் கட்டத்தைப் போட்டு, அதில் அறுபதைத் தட்டிப் பூட்டினார். ஆரம்பத்திலிருந்து அங்கே இருந்த எண் அறுபதுதான் என்று ஒரு எளிய உண்மை அவர் நாக்கு நுனிவரை வந்தது. கல்யாணமானவராதலால் அதை விழுங்கிவிட்டார்.

எல்லோரும் தத்தம் இடத்துக்கு ஓடிப் பார்த்தார்கள். மேலிருந்து சத்தம் வந்தது. “இதான்யா வேணும்! தொண்ணூறுகூட இவ்வளவு நல்லா இல்லை. என்ன ஒரு சீர்!” கீழிருந்து மேடமே ஏறி வந்தார். “குரல் தேன் மாதிரி இருக்கு சார். இதை முதல் நாளே வெச்சிருக்கலாம் இல்லை?”

இரண்டு பேரும் மேனேஜர் முன்னால் நின்று, வாயைத் திறந்து, “திருப்தி” என்றார்கள். மேனேஜர் லீவு விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கலாமா என்று யோசித்தார். பிறகு பக்கத்தில் குவிந்திருந்த காகிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

“நான்தான் சொன்னேனே, சின்ன வேலைதான்னு!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம். டிரைவர் மேஜையைத் துடைத்தார், நாற்காலியை உள்ளே தள்ளினார், சுவர்த் திரையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த கோட்டை வாஞ்சையோடு ஒரு பார்வை பார்த்தார். தான் எழுதிய ஒன்று இவ்வளவு ஒழுங்காக ஓடுவதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்? ஃபோன் அடித்தது.

“அப்பா, பெட்டி மூடலை. நான் மேல ஏறி உட்கார்ந்தேன், மூடிக்கிச்சு!” என்றாள் மகள். பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. “உங்க ஆபீஸ் வாசல்ல டாக்ஸியில உட்கார்ந்திருக்கோம், இன்னிக்கே கிளம்பிடலாம்னு அண்ணன் சொல்லிட்டார். உங்களை ஆபீஸ்லேருந்தே தூக்கிக்கிட்டுப் போறதுதான் நல்லதுன்னார். நீங்க இறங்கி வர்றீங்களா, இல்லை போட்டோவை அனுப்பறீங்களா?”

“நானேதான் வர்றேன்!” என்று டிரைவர் கூவினார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமே இல்லாமல் எல்லோருக்கும் கையை ஆட்டிவிட்டு லிஃப்டுக்கு ஓடினார்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே மெஷின் ரூம் அம்மா நின்றிருந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. ஒரு சாண் கதவுக்கு வெளியே அவரை முழுசாகப் பார்ப்பது டிரைவருக்கு அதுதான் முதல் தடவை.

“உங்களைத்தான் தேடிக்கிட்டு வந்தேன் சார். ஒரு துண்டு எடுத்துக்குங்க.”

“யாருக்கும்மா பிறந்தநாள்?”

“பிறந்தநாள் இல்லை சார். நம்ம பெரிய மெஷினுக்கு ஒரு சின்னப் பாராட்டு. அஞ்சு வருஷமா ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடியிருக்கு. எந்த ஆபீஸ்லயும் இப்படி ஓடினது கிடையாது.” அந்த அம்மா கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “இனிமே அந்தப் பெருமை இல்லை. திங்கட்கிழமை காலையில நிறுத்தறோம். உங்க மேனேஜரும் நேத்துதான் கையெழுத்துப் போட்டார்.”

டிரைவர் வாயில் கேக்கோடு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. நல்லபடியாக ஓடுகிற மெஷினைப் போய் யாராவது நிறுத்துவார்களா?

“எதுக்கும்மா அநியாயமா அதை நிறுத்தறீங்க?”

“என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? நிறுத்தாம உங்க புது டிரைவரை எப்படி ஏத்தறது? நீங்க குடுத்த பக்கத்தை மட்டும்தானே இதுவரைக்கும் போட்டிருக்கோம், உள்ள ஓடிக்கிட்டிருக்கறது இன்னும் பழைய டிரைவர்தானே. திங்கட்கிழமை நீங்க பக்கத்துலயே இருக்கணும்!”